பெட்டியின் அளவு என்ன?



ஸ்காபரோவில் ஒரு சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். தை மாதக் குளிர். ஊரிலிருந்து கொண்டுபோன நீத்துப்பெட்டியின் அடிக்கூர் பிய்ந்து, மா ஒழுகத் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு அலுமினியக் குழலில் அவித்த பிட்டு பிடிக்காது. மகள் போனை எடுத்துத் தேடுகிறாள். முதலில் தமிழில் ‘நீத்துப்பெட்டி’ என்று அடிக்கிறாள். பிறகு ‘நீற்றுப்பெட்டி’. பிறகு ஆங்கில எழுத்தில், தன் காதுக்குப் பட்ட எழுத்துக்கூட்டலில். சமையல் வீடியோக்கள் வருகின்றன. மூங்கில் குழல் வருகிறது. வாங்குவதற்கு ஒரு பெட்டியும் வரவில்லை. அதே நேரத்தில் பச்சிலைப்பள்ளியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஐந்து நீத்துப்பெட்டிகள் ஆணியில் தொங்குகின்றன. கேட்பாரில்லை.

மகளும் விறாந்தையும் கற்பனைதான். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கைப்பணி செய்யும் எவரும் இந்த இரண்டு காட்சியையும் ஒரு கணத்தில் அடையாளம் கண்டுகொள்வார். இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய ஒரு சிறிய இணையத்தளத்தைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு. கணினி மொழிகளைப் பற்றிய பேச்சல்ல. அதைச் செய்துதர அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, 2016 முதல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தளத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதைத்தான் பெரும்பாலும் ஒருவரும் யோசிப்பதில்லை.

கடையில் பெட்டி வாங்கும் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். கையில் எடுப்பார். கவிழ்ப்பார். அடியை விரலால் அமத்திப் பார்ப்பார். விளிம்பைப் பிடித்து மெல்ல இழுப்பார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, இழை நெருக்கமா ஐதா என்று மட்டுக்கட்டுவார். மூக்கருகே கொண்டுபோகிறவர்களும் உண்டு. புது ஓலைக்கு ஒரு மணம், மழையில் கிடந்த ஓலைக்கு வேறு மணம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ‘என்ன விலை?’ என்ற கேள்வி வரும். இணையத்தில் வாங்குகிறவருக்கு இந்தக் கை இல்லை. அந்தக் கை கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் எழுத்தும் படமும் பதில் சொல்லவேண்டும். தளம் அழகாக இருப்பதெல்லாம் இதற்குப் பிறகு.

நீத்துப்பெட்டியையே எடுப்போம். பெரும்பாலான பக்கங்களில் அதற்கு எழுதியிருப்பது ‘பாரம்பரியப் பனையோலைப் பெட்டி, அழகிய கைவேலைப்பாடு’ என்ற ஒரு வரி. இதில் ஒரு தகவலும் இல்லை. வாங்குகிறவருக்குத் தேவையானது வேறு. வாயின் அகலம் 7 அங்குலம், அதாவது ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர். வாயிலிருந்து கூர் வரை 8 அங்குலம். இரண்டு சுண்டு மாப் பிட்டை ஒரே தடவையில் அவிக்கலாம். வாய் 5 அங்குலத்துக்குக் குறையாத, ஆனால் 7 அங்குலத்தைவிடச் சிறிய எந்தப் பானையிலும் நிற்கும். பெட்டியின் கூர் தண்ணீரில் முட்டக்கூடாது. குருத்தோலையில் இழைத்தது, சாயம் போடவில்லை. முதல் தடவை பாவிக்கும் முன் வெறும் பெட்டியைப் பத்து நிமிடம் ஆவியில் வைக்கவும். கழுவினால் நிழலில் அல்ல, வெயிலில் காயவைக்கவும். வாங்கும்போது வெளிர் மஞ்சளாக இருக்கும் ஓலை பாவிக்கப் பாவிக்கக் கபில நிறமாகும், அது பழுதல்ல.

எண்களைச் சொன்னது மாதிரிக்குத்தான். ஆனால் இந்த ஒரு பந்தியை எழுத, இழைத்தவரின் பக்கத்தில் அளவுநாடாவோடு அரை மணி நேரம் இருக்கவேண்டும். கொழும்பில் இருந்து தளம் வடிவமைக்கிறவரால் எழுத முடியாது. ‘சாயம் போடவில்லை’ என்ற இரண்டு சொல்லின் அருமை, சாப்பாட்டுப் பாத்திரம் வாங்குகிற ஒருவருக்குத்தான் தெரியும். அதே பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் போட்ட பெட்டிகளும் இருக்குமானால், அவை பிட்டுக்கல்ல, பூவுக்கும் வெற்றிலைக்கும் என்று நேராகவே எழுதிவிடவேண்டும்.

இனிக் கொஞ்சம் கசப்பான ஒரு விஷயம்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. மீள்குடியேறிய கிராமங்களுக்கு வீட்டுத்திட்டம் வந்தது, அதோடு பயிற்சிகளும் வந்தன: ஓலை வேலை, தும்பு வேலை, தையல், சிரட்டையில் அகப்பை. பயிற்சி முடிவில் சான்றிதழும் குழுப்படமும். சில திட்டங்களில் கடைசி அம்சமாக ஓர் இணையத்தளமும் இருந்தது. அப்படிப்பட்ட பக்கங்களை வரிசையாகத் திறந்து பார்த்தால் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். முகப்பில் போரின் வரலாறு. கீழே பயனாளிகளின் எண்ணிக்கை. அதற்குக் கீழே கணவனை இழந்த ஒரு பெண்ணின் முகம், பெரிதாக. பொருட்கள் நாலாவது பக்கத்தில். பெட்டியின் அளவு எங்கும் இல்லை. விலையும் இல்லை. ‘மேலதிக விபரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்’.

அந்தப் பக்கம் நிதி தருகிறவருக்காக எழுதப்பட்டது. பெட்டி வாங்குகிறவருக்காக அல்ல. இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒரு பெட்டி வாங்குவார், அத்தோடு சரி. பெட்டி பிடித்து வாங்குகிறவர் அடுத்த தைப்பொங்கலுக்கும் வருவார், தங்கச்சிக்கும் சொல்லுவார். செய்தவரின் கதையை மறைக்கவேண்டும் என்பதல்ல இதன் பொருள். எந்தக் கதையைச் சொல்வது என்பதை அந்தப் பெண் தீர்மானிக்கட்டும். ‘அம்மம்மாவிடம் இழைக்கப் பழகியது, சுளகும் நீத்துப்பெட்டியும் செய்வார், கடகம் செய்வதில்லை’ என்பதே ஒரு கதைதான், அதுவும் வாங்குகிறவருக்கு உதவும் கதை. இன்னொன்றும் உண்டு. தனியாக இருக்கும் பெண்ணின் படம், கிராமம், அவருடைய சொந்தப் போன் இலக்கம் மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டால் இரவு பதினொரு மணிக்கு என்னென்ன அழைப்பு வரும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். குழுவுக்கென்று ஒரு பொது இலக்கம் போதும்.

குருநாகலில் 1991இல் சாண்ட்ரா வண்டுராகல தொடங்கிய செலின் கைத்தறி நிறுவனத்தைப் பாருங்கள். உலக நியாய வர்த்தக அமைப்பின் சான்று பெற்றது. அங்கும் கிராமத்துப் பெண்கள்தான் நெய்கிறார்கள். ஆனால் வாங்குகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது துணி. அதற்கும் முன்னால், 1964இல், பார்பரா சன்சோனி தொடங்கிய பெயார்ஃபுட்டின் கைத்தறித் துணிகளை அவற்றின் நிறத்தை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். வன்னிப் பெட்டிக்கு அப்படி ஓர் அடையாளம் வர நாளெடுக்கும். அதுவரைக்கும் அளவையாவது எழுதலாமே.

‘பேஸ்புக் பக்கம் இருக்கிறது, வட்ஸ்அப் இருக்கிறது, தனித் தளம் எதற்கு?’ என்று இங்கே ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்வி. பேஸ்புக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் இலங்கையில் இருந்துகொண்டு அதை மட்டும் நம்பிக் கடை நடத்துகிறவர் சில திகதிகளை நினைவில் வைத்திருப்பது நல்லது. 2018 மார்ச் 7இல், கண்டி மாவட்ட வன்முறையையடுத்து அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் தடுத்தது. ஒரு வாரத்துக்குத் திறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நாளில் மறுபடியும் தடை. மாத முடிவு வரை நீடித்தது. 2022 ஏப்ரல் 3, சித்திரைப் புதுவருடத்துக்குப் பதினொரு நாள் முந்தி, பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின் நடுவே ஏறத்தாழ 15 மணி நேரம். இவை தவிர, 2021 ஒக்ரோபர் 4இல் எந்த அரசாங்கமும் தொடாமலே அந்த நிறுவனத்தின் சேவைகள் உலகம் முழுவதும் ஆறு மணி நேரமளவில் விழுந்து கிடந்தன. அந்த நாட்களில் சொந்த முகவரி வைத்திருந்தவரின் கடை மூடவில்லை.

வெளிநாட்டுச் சந்தைத் தளங்களும் வாடகைக் கடைதான். கைவினைப் பொருட்களுக்கென்று 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்சி, 2022 ஏப்ரல் 11இல் விற்பனைக் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியது. ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்புக் காட்டினார்கள். கட்டணம் குறையவில்லை.

பேஸ்புக் பழக்கம் கொண்டுவந்த இன்னொரு வருத்தம், ‘விலை இன்பொக்ஸில்’. ஒரு சுளகுக்கு என்ன இரகசியம்? விலை கேட்டு எழுதுகிறவருக்கு மறுநாள் காலை பதில் போகும்போது அவர் வேறெங்கோ வாங்கியிருப்பார், அல்லது கேட்டதையே மறந்திருப்பார். விலையைப் போட்டால் பக்கத்துக் குழு பார்த்து ஐம்பது ரூபா குறைத்துவிடும் என்ற பயம் உள்ளே இருக்கிறது. அந்தப் பயத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. ஆனால் விலையை ஒளிப்பதால் அது தீராது. கணக்குத் தெரிந்திருந்தால்தான் தீரும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு மூடிப்பெட்டிக்கு ஓலைக்கும் சாயத்துக்கும் 200 ரூபா, பொதி செய்ய 100 ரூபா என்று வைப்போம். குருத்தை வார்ந்து, இழைத்து, விளிம்பு பொத்தி முடிக்க ஐந்து மணி நேரம். கடைக்காரர் 600 ரூபாவுக்கு எடுக்கிறார். செலவு போக மிச்சம் 300. ஒரு மணி நேரத்துக்கு 60 ரூபா. இந்த 60ஐக் கண்ணால் பார்த்த பிறகுதான் 1,050 ரூபா என்று தளத்தில் போட மனம் வரும். அப்போதும் மணிக்கு 150 ரூபாதான். ஓலை வெட்டக் கொடுத்த கூலியைக்கூட இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பக்கத்துக் குழு 1,000 என்று போட்டால் போடட்டும்.

முகவரிக்கு வருவோம். இலங்கையில் எல்.கே. என்று முடியும் பெயர்கள் 1990 முதல் வழங்கப்படுகின்றன. 2010இல் ‘.இலங்கை’ என்ற தமிழ் ஈறும் அங்கீகாரம் பெற்றது. கடைப்பெயர், புள்ளி, இலங்கை என்று முழுக்கத் தமிழிலேயே முகவரி வைத்துக்கொள்ளலாம். கேட்கச் சந்தோசமாக இருக்கும். ஆனால் ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளையின் போனில் தமிழ் விசைப்பலகை இராது. அதனால் ஆங்கில எழுத்து முகவரி ஒன்றை முதலாவதாகவும், வசதிப்பட்டால் தமிழ் முகவரியை இரண்டாவதாகவும் எடுத்து, இரண்டையும் ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிடுவது புத்தி.

பெயரை எடுப்பதிலும் பெரியது, யாருடைய பெயரில் எடுப்பது என்பது. திட்ட அலுவலர் ஒருவர் தன்னுடைய மின்னஞ்சலில் முகவரியைப் பதிவுசெய்கிறார். திட்டம் முடிகிறது, அவர் வேறு மாவட்டத்துக்குப் போகிறார். வருடப் புதுப்பித்தலுக்கான நினைவூட்டல்கள் ஒருவரும் திறக்காத ஒரு பெட்டியில் போய் விழுகின்றன. டொட் கொம் போன்ற முகவரிகள் அழிக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதுவும் கடந்தால் யாரும் வாங்கலாம். இப்படிக் கைவிட்டுப்போன முகவரிகளைச் சூதாட்டக்காரர்கள் பொறுக்கியெடுப்பது உலகெங்கும் நடப்பதுதான். பனம்பெட்டிக் கடையின் அட்டையில் அச்சடித்த முகவரியைத் திறந்தால் சீட்டுக்கட்டு ஆடும் பக்கம் வந்து நிற்கும். மாணவர்கள் செய்துதரும் தளங்களுக்கும் இதே கதி நேரலாம். பட்டம் முடிய, கடவுச்சொல்லும் அவர்களோடு போய்விடும். முகவரி, மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, சங்கத்தின் கணக்குப் புத்தகம் இருக்கும் அலுமாரியில் வைப்பது பழைய முறைதான். வேலை செய்கிற முறை.

தமிழ் எழுத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. இலங்கையில் அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் பழகியவை. அதில் அடித்த பொருட்பட்டியலைத் தளத்தில் அப்படியே ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை தெரியும். கூகுளுக்கும் அது குப்பைதான். ‘கடகம்’ என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டாது. போனில் நேரடியாக அடித்தால் யுனிகோட்டில் வரும். பழைய பட்டியல்களை மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெயர்களிலும் கஞ்சத்தனம் கூடாது. ஒரு பொருளை மக்கள் என்னென்ன சொல்லித் தேடுவார்களோ அத்தனையும் பக்கத்தில் எங்காவது இருக்கவேண்டும். இங்கே குட்டான் என்பதற்கு இனமான சிறு பெட்டியைச் செட்டிநாட்டில் கொட்டான் என்கிறார்கள். இங்கே சுளகு, அங்கே முறம். ஆங்கிலத்தில் பனைக்குரிய சொல்லைக் கடைசியில் ஓர் ‘எச்’ போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். 1978இல் அமைந்த நமது பனை அபிவிருத்திச் சபை போட்டுத்தான் எழுதுகிறது, வெளியுலகில் பலர் போடுவதில்லை. இரண்டையும் எழுதிவிட்டால் ஸ்காபரோ மகளின் எழுத்துக்கூட்டல் பிழைக்கும் இடமிருக்கும். சிங்களத்திலும் ஒரு பக்கம் வேண்டும். போருக்குப் பிறகு ஏ9 வீதி திறந்தபோது தெற்கிலிருந்து வந்தவர்கள் பஸ் பஸ்ஸாக இறங்கிப் பனம்பொருள் வாங்கினார்கள். அவர்கள் திரும்பிப் போன பிறகு இரண்டாவது தடவை வாங்க வழி எங்கே?

படங்கள். நல்ல கமரா தேவையில்லை, நல்ல நேரம் தேவை. காலை எட்டு மணிக்கு, வெயில் நேரே விழாத விறாந்தையில், சாணி மெழுகிய நிலத்திலோ வெள்ளை வேட்டியிலோ பெட்டியை வைத்து எடுத்தால் ஓலையின் நிறம் உள்ளபடி வரும். மத்தியான வெயிலில் எடுத்தால் மஞ்சள் வெளிறிப்போகும். ஒரு பொருளுக்கு நாலு படம் போதும்: முழுப்பெட்டி, உள்பக்கம், விளிம்பு பொத்திய இடம் கிட்டத்தில், பிறகு பக்கத்தில் ஒரு தேங்காயையோ தேநீர்க் கோப்பையையோ வைத்து ஒன்று. கடைசிப் படம்தான் அளவை ஒரு பார்வையில் சொல்லும். பிளாஸ்ரிக் ரோசாவும் மினுங்கல் துணியும் எதற்கும் உதவாது. பெட்டியை விட்டு அவைதான் கண்ணில் படும்.

படத்தின் எடை பற்றி யாரும் யோசிப்பதில்லை. இன்றைய போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்.பி. வரும். இருபது படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் 80 எம்.பி. ஒட்டுசுட்டானில் ரீலோட் போட்டு டேட்டா பாவிக்கிறவருக்கும், சுரங்க ரயிலில் போகும் லண்டன்காரருக்கும் அது திறக்காது. அதே படங்களை 1,200 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிச் சேமித்தால் ஒன்று 150 கே.பி.க்குள் அடங்கும், இருபதும் 3 எம்.பி.தான். போன் திரையில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

உலகின் முதலாவது இணையப் பக்கத்தில் படமே இல்லை. எழுத்தும் இணைப்புகளும் மட்டும். ரிம் பேர்னர்ஸ்-லீ அதைப் பற்றி உலகுக்கு அறிவித்தது 1991 ஓகஸ்ட் 6இல். அன்றைக்கு ஆனையிறவில் சமர் நடந்துகொண்டிருந்தது. வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அந்த வெளிச்சத்தில் பெட்டி இழைத்தவர்களின் பேத்திமார் இப்போது அதே இணையத்தில் கடை போடப் பார்க்கிறார்கள். இடையில் இழந்தது முப்பது வருடமல்ல, அதற்கும் மேல்.

தளத்தில் எவரும் எழுதத் துணியாத ஒன்று, ‘இப்போது முடியாது’ என்பது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி கடந்துதான் விடும். குருத்தோலை காயாது. காயாத ஓலையில் இழைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, ஓலையைக் காப்பாற்றுவதா வீட்டுச் சாமானைக் காப்பாற்றுவதா என்ற நிலை. மாசி, பங்குனியில் மழை இல்லை, ஆனால் பெரும்போக அறுவடை. கை எல்லாம் வயலில் இருக்கும். இதெல்லாம் இங்கே இருக்கிறவருக்குத் தெரியும். தளத்தில் ஓடர் போடுகிறவருக்குத் தெரியாது. அவர் காண்பது ‘வாங்கு’ என்ற பொத்தானை மட்டும்தான்.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் கீழே, ‘கையில் உள்ளது 3’ அல்லது ‘இழைத்துத் தர 12 நாள், ஐப்பசி முதல் தை வரை 25 நாள்’ என்று இருக்கவேண்டும். தொழிற்சாலைப் பொருளின் கடைக்கு எழுதிய மென்பொருளில் இந்த வசதி முகப்பிலேயே இராது, கேட்டுச் செய்விக்கவேண்டும். ஒரு கிழமைக்கு எத்தனை பெட்டி முடியும் என்ற எண்ணைத் தாண்டினால் பொத்தான் தானாக மூடிக்கொள்ளவேண்டும். இருநூறு ஓடர் வந்து அறுபதை மட்டும் அனுப்புவதைவிட அது மேல்.

மொத்த ஓடருக்கு வேறொரு பக்கம் வேண்டும். காரைக்குடிப் பக்கத்தில் அழிந்துகொண்டிருந்த கொட்டான் வேலையை விசாலாட்சி இராமசாமி தன் அறக்கட்டளை மூலம் மீட்டெடுத்த கதையில் கவனிக்கவேண்டியது இதுதான். கொட்டான் முன்பு செட்டிநாட்டு வீட்டுக் கலியாணங்களில் சீர்வரிசைக்கு வைத்த பெட்டி. இன்று விருந்தினர் கையில் கொடுத்தனுப்பும் பரிசுப்பெட்டியாகப் போகிறது. பொருளை மட்டும் காட்டாமல் அது சேரும் சடங்கையும் காட்டினார்கள். இங்கேயும் கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, அறுபதாம் கலியாணம் எல்லாவற்றிலும் விருந்தினருக்குப் பை கொடுக்கும் வழக்கம் இருக்கிறது; ஸ்காபரோவிலும் சூரிச்சிலும் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது. ‘நூறு சிறு பெட்டி, மூடியில் இரண்டு நிறம், ஆறு கிழமை முன்னர் சொல்லவும், பாதிப் பணம் முற்பணம்’ என்று ஒரு பக்கம் எழுதினால் வருடத்தில் மூன்று நாலு ஓடர் போதும், தனிப்பெட்டி விற்பனையின் தளும்பலைச் சமாளிக்கலாம்.

பணம் வாங்கும் வழியும் அனுப்பும் வழியும் இந்த மண்ணுக்கு ஏற்றபடி இருக்கவேண்டும். உள்நாட்டுக்கு வங்கிப் பரிமாற்றமும் மத்திய வங்கி கொண்டுவந்த லங்கா கியூ.ஆர். குறியும் போதும். நீண்டகாலமாக இலங்கையிலிருந்து பேபால் வழியே பணம் கொடுக்கலாம், பெறமுடியாது என்ற நிலை இருந்ததால், வெளிநாட்டு அட்டைகளுக்கு உள்ளூர்க் கட்டண நுழைவாயில் ஒன்றில் வியாபாரப் பதிவோடு சேரவேண்டியிருந்தது. அனுப்புவதில் நம் ஆட்களின் முறை ஒன்று எந்த வடிவமைப்பாளரின் பட்டியலிலும் இல்லை. ‘பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், வெள்ளவத்தையில் எடுங்கோ’ என்பதுதான் அது. தபாலும் கூரியரும் போலவே அதையும் ஒரு தெரிவாகப் போடலாம். சாரதியின் போன் இலக்கத்தை மட்டும் அன்றன்றைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

அதைவிட நல்ல தெரிவு ஒன்றும் இருக்கிறது. ஆடி, ஆவணியில் புலம்பெயர்ந்த குடும்பங்கள் நல்லூர்த் திருவிழாவுக்கென்று வருகிறார்கள். பெரும்பாலானோர் கொழும்பிலிருந்து ஏ9 வழியே வவுனியாவும் கிளிநொச்சியும் கடந்துதான் போகிறார்கள். ‘ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான். திகதியைப் போட்டு, பணத்தைக் கட்டி, திரும்பும் வழியில் கிளிநொச்சிக் கடையில் இறங்கி எடுத்துக்கொள்வது. அஞ்சற் செலவு இல்லை. பெட்டி நசியாது. பயணப்பெட்டிக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கக்கூடிய ஐந்து பெட்டித் தொகுதி என்று ஒன்றைச் செய்தால் அதுதான் முதலில் முடியும்.

பொதியாக அனுப்பினால் சுங்கம் இருக்கிறது. பிரித்தானியாவில் 2021 ஜனவரி 1 முதல் 135 பவுணுக்குட்பட்ட பொருளுக்கு வரியை விற்கும் இடத்திலேயே அறவிடும் முறை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதே வருடம் ஜூலையில் 22 யூரோ வரையான விலக்கை எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டொலர் விலக்கை 2025 ஓகஸ்ட் 29இல் நிறுத்தியது. ‘பரிசு என்று எழுதி அனுப்புங்கோ’ என்று புத்தி சொல்ல எப்போதும் ஒரு மாமா இருப்பார். விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது பொய் அறிவிப்பு. பிடிபட்டால் பொதி போகும், கடையின் பெயரும் போகும். விற்கும் இடத்தில் அறவிடாத வரிக்கு, ‘உங்கள் நாட்டு வரி உங்களைச் சேர்ந்தது’ என்று பணம் கட்டும் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவிடலாம். அவுஸ்திரேலியாவுக்கு ஓலைப்பொருள் போனால் தாவரப்பொருள் என்று அறிவிக்கவேண்டும். பூச்சியோ மண்ணோ விதையோ ஒட்டியிருக்கக்கூடாது. பூச்சி அரித்த ஒரு விசிறி முழுப் பொதியையும் நிறுத்திவிடும்.

கடைசியாகப் பொதிக்குள் போகவேண்டிய ஒரு துண்டுக் கடதாசி. தபால் அட்டை அளவில், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். இழைத்தவர் விரும்பினால் அவர் பெயர். பெட்டி நசிந்து வந்தால் ஆவியில் இரண்டு நிமிடம் பிடித்து, கையால் வடிவுக்குக் கொண்டுவந்து காயவிடவும். பூஞ்சணம் பிடித்தால் ஈரத்துணியால் துடைத்து ஒரு நாள் வெயிலில் வைக்கவும். வெயில் இல்லாத நாட்டில் வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம், மேலே வைக்கவேண்டாம். கீழே தளத்தின் முகவரியும் பொது இலக்கமும். இலக்கத்துக்குப் பக்கத்தில் இலங்கை நேரம் காலை 8 முதல் மாலை 6 வரை என்று மறக்காமல் போடவேண்டும். ரொறன்ரோவில் இரவுச் சாப்பாடு முடியும்போது இங்கே விடிந்துகொண்டிருக்கும், பெட்டி இழைக்கிறவர் அப்போதுதான் அடுப்பை மூட்டுவார்.